பேரும் அரைப்பேரும்: மலையகப் புனைகதையும் நாட்சம்பளமும்

மலையக இலக்கியம் பற்றி நமது பல்கலைக்கழகங்களிலே எழுதப்பட்ட கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் ஒருசேர எடுத்து வாசிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. துயரம், அவலம், கண்ணீர், விழிப்புணர்வு ஆகிய சொற்கள் அவற்றிலே பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. ‘பேர்’ என்ற சொல் மட்டும் அரிதாகவே வருகின்றது. அவ்வாறு வருமிடத்தும், பின்னிணைப்பிலுள்ள வட்டார வழக்குச் சொற்பட்டியலிலே, ‘பிரட்டு’, ‘கவ்வாத்து’, ‘கொந்தரப்பு’ முதலியவற்றோடு ஒன்றாக அதுவும் இடம்பெற்றுவிடுகின்றது. ஆயின், தோட்டத்தொழிலாளர் குடும்பமொன்றின் அடுப்பு எரிவதும் அவிவதும் அந்தச் சொல்லிலேதான் தங்கியுள்ளது. அதனைச் சொற்பட்டியலுக்கு ஒதுக்கிவிட்டு அவலத்தைப் பற்றி மட்டும் பேசுகின்ற விமர்சனம் எதைப் பற்றிப் பேசுகின்றது என்ற ஐயம் எனக்கு நெடுநாளாகவே உண்டு. அந்த ஐயத்தின் விளைவே இக்கட்டுரை.

மலைநாட்டு வாழ்வோடு பரிச்சயம் இல்லாத வாசகர்க்கு அச்சொல்லைச் சற்று விளக்குதல் வேண்டும். காலையிற் பிரட்டுக்குச் சென்று, மலையேறி, மாலைவரை வேலை செய்த ஒருவர் அந்நாளுக்குரிய முழுச் சம்பளத்துக்கு உரியவராகச் செக்ரோலிற் பதியப்படுதலே ‘பேர்’ எனப்படும். நிறுவையின்போது தோட்டம் விதித்த அளவிலும் குறைவாகக் கொழுந்து இருந்தால் விழுவது ‘அரைப்பேர்’. முறையான நாட்சம்பளத்துக்குப் புறம்பாகக் கொழுந்தின் நிறைக்கேற்பக் கொடுபடுவது ‘கைக்காசு’. மழைநாளிற் கொழுந்தில் ஏறிய ஈரத்துக்கென்றும், சாக்குக்கென்றும் நிறையிலே கழிவு வைப்பதுண்டு. அக்கழிவு ஒன்றிரண்டு கிலோவாக இருக்கலாம். ஆயினும் விதித்த அளவின் விளிம்பிலே நிற்கின்ற ஒரு பெண்ணுக்கு அந்த ஒன்றிரண்டு கிலோவே பேருக்கும் அரைப்பேருக்கும் இடைப்பட்ட தூரமாகும். நாட்டிலே சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் என்று எதனை நாம் அழைக்கின்றோமோ, அது தராசுத் தட்டிற்கு வந்து சேரும்போது இத்தன்மையதாகவே உள்ளது.

இலங்கையிலே குறைந்தபட்சச் சம்பளம் என்ற எண்ணக்கரு சட்டவடிவம் பெற்றது தோட்டத்தொழிலாளரை முன்னிட்டே என்பது மனங்கொள்ளத்தக்கது. 1922 இல் இந்தியாவிலே நிறைவேறிய குடியகல்வுச் சட்டம், தொழிலாளரை அனுப்பும் நாடு நிபந்தனை விதிக்கலாம் என்ற நிலைமையைத் தோற்றுவித்தது. 1923 இல் இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் கண்டியிலே நியமனம் பெற்றார். இவற்றின் தொடர்ச்சியாகவே 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம் பிறந்தது. தொழிலாளர் மீதுள்ள கருணையினால் அன்று, ஆள்வரவு தடைப்படுமோ என்ற அச்சத்தினாலேயே துரைமார் அதற்கு இசைந்தனர் என வரலாற்று மாணவர் கூறுவர். அக்கூற்றிற் பெரும்பகுதி உண்மையே.

அச்சட்டத்தின்கீழ் விதிக்கப்பெற்ற வீதங்களை ஓர் இலக்கிய மாணவனின் கண்கொண்டு, அதாவது ஒரு பனுவலைப் படிப்பதுபோலப் படித்துப் பார்த்தல் பயனுடையது. மலைநாட்டிலே ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். மத்திய நாட்டுக்கும் கீழ்நாட்டுக்கும் சில சதம் குறைவு. ஆண், பெண், வேலைக்குப் போகும் இரு பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால் நாள் வருமானம் 1 ரூபா 61 சதமாகும். இதிலே தகப்பனின் பங்கு மூன்றிலொன்று மட்டுமே. மற்ற மூன்றிலிரண்டு பங்கும் தாயின் கையும் இரு பிள்ளைகளின் கைகளும் சேர்ந்தாலன்றிக் கிட்டாத கூலி. எனவே ஒரு தொழிலாளியின் உழைப்பைக் கொண்டு ஒரு குடும்பம் வாழ வேண்டும் என்ற நோக்கம் அவ்வீதங்களில் இல்லை. வீட்டிலுள்ள கைகள் யாவும் மலைக்கு வந்தாலொழிய வயிறு நிரம்பாது என்ற கணிப்பு, வெளிப்படையாகச் சொல்லப்படாமல், மூன்று எண்களாகவே எழுதப்பட்டிருக்கின்றது. ‘பிள்ளைக்கு 32 சதம்’ என்பதை இன்று வாசிக்கும்போது அது பாதுகாப்பாகவும் தெரிகின்றது, அழைப்பாகவும் தெரிகின்றது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அவ்வீட்டுக்கு நாளொன்றுக்கு 32 சத நட்டம்.

அந்த வீதங்களும் நிலைத்துநிற்கவில்லை. 1930களின் தொடக்கத்திலே உலகப் பொருளாதார மந்தத்தினால் தேயிலை விலை வீழ்ந்தபோது அவை குறைக்கப்பட்டன. குறைந்தபட்சம் என்பதற்கும் ஒரு குறைந்தபட்சம் உண்டு என்பதை மலைநாடு அப்போது அறிந்துகொண்டது. 1940 சனவரியிலே முல்லோயாத் தோட்டத்திற் சம்பள உயர்வு கோரி நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் சூட்டுக்கு இரையானார். 1941 இற் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. இவை பலரும் எழுதிய விடயங்களாதலின் ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

இனிப் புனைகதைக்கு வருவோம். ஈழத்துத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட கதைகளுள் முன்னோடியாக எல்லோரும் காட்டுவது 1935 இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’. பாரதி பீஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றிப் பாடியதிலிருந்து எடுத்த தலைப்பு அது. மருதி என்ற பெண்ணின் சீரழிவைக் கூறும் அக்கதையின் ஆற்றலை நான் குறைத்துமதிப்பிடவில்லை. ஆயினும் அதிலே தோட்டம் என்பது ஒரு நரகம், நரகத்திற்குப் பேரேடு தேவையில்லை. அதிகாரியின் காமமும் நோயும் அங்கே மனிதரை அழிக்கின்றன. நாட்கூலியின் கணக்கு அழிப்பதில்லை. இலங்கையைக் கண்ணாற் காணாத ஒரு மாபெரும் கலைஞன் எழுதியது என்று அமைதி கூறிவிடலாம். ஆனால் அவருக்குப்பின் வந்த எத்தனையோ எழுத்தாளர், தோட்டத்தை அறிந்திருந்தும், அந்த நரகப் படிமத்தையே இரவல் வாங்கினர். கெட்ட துரை, கெட்ட கங்காணி, கெட்ட கணக்குப்பிள்ளை என்று கதைகள் பெருகின. துரை நல்லவனாக இருந்துவிட்டால் என்ன நடக்கும் என்ற வினாவை அக்கதைகள் எழுப்பவில்லை. நல்ல துரையின் தோட்டத்திலும் 43 சதம் 43 சதமே.

இந்த இடத்திலேதான் என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ வேறுபட்டு நிற்கின்றது. 1960களின் தொடக்கத்திலே வெளிவந்து, பின்னர் 1980 இல் அதே பெயரிலான தொகுதியிலே சேர்ந்த அக்கதையை மாணவர் பெரும்பாலும் காதற்கதையாகவோ பெண்ணின் தன்மானக் கதையாகவோ படிக்கின்றனர். ஆசிரியர்களும் அவ்வாறே படிப்பிக்கின்றோம். நானும் பல்லாண்டு அவ்வாறே படிப்பித்தவன். ஆனால் கதையின் முடிச்சு எது? ஒரு பெண் பறித்த கொழுந்தின் அளவு. அவள் அவ்வளவு பறித்திருக்க முடியுமா என்பதே ஐயம். அந்த ஐயத்திலிருந்து அவளது நடத்தை மீதான ஐயம் கிளைக்கின்றது. நிறையிலே ஏற்படும் சந்தேகம் கற்பிலே ஏற்படும் சந்தேகமாக மாறும் உலகம் ஒன்றை இராமையா எவ்வித ஆரவாரமுமின்றி நம்முன் வைக்கிறார். தராசு அங்கே வெறும் பின்னணிப் பொருளன்று. மனிதரை மதிப்பிடுவதற்கு அவ்வுலகிலுள்ள ஒரே கருவி அதுவே. தோட்டத்திலே நிறுவையை எழுதும் கையும், யாரின் பேர் யாருக்குச் சாதகமாக எழுதப்படுகின்றது என்ற முணுமுணுப்பும் அன்றாடம் உள்ளவை. அவற்றை அறிந்தவன் எழுதிய கதை அது. அறியாதவர் அதனைக் காதற்கதை என்பர்.

எழுத்திலக்கியத்துக்கு முன்பே வாய்மொழிப் பாடல்கள் இதனை உணர்ந்திருந்தன. சி. வி. வேலுப்பிள்ளை தேடித் திரட்டி 1983 இல் வெளியிட்ட ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுப்பைத் தாலாட்டு, ஒப்பாரி, காதல் என்ற வழமையான வகுப்புகளாகப் பிரித்து நோக்குவது ஆய்வாளர் மரபாகிவிட்டது. தோட்டப்பாடல்களை வேறுவகையாகவும் அடுக்கலாம். வெட்டிய குழியின் எண்ணிக்கை, பறித்த கொழுந்தின் நிறை, கங்காணி போட்ட அரைப்பேர், கழிபட்ட கடன் என்று பார்த்தால், பாடியவர் கணக்குத் தெரிந்தவர் என்பது விளங்கும். எழுத்தறியாத மக்கள் தம் வரவுசெலவைப் பாட்டிலே எழுதிவைத்தனர் எனலாம். கங்காணிக்குக் கிடைத்த ‘தலைக்காசு’ம் ‘பென்ஸ்’ காசும் ஆள்கணக்கிலே அமைந்தவை என்பதை நினைவிற் கொண்டால், கங்காணி ஏன் நோயாளியையும் பிரட்டுக்கு விரட்டினான் என்பதும் புரியும். அவன் கொடியவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவனது வருமானம் மற்றவரின் பேரிலே தங்கியிருந்தது.

தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். லயத்தின் ஒற்றைக் காம்பராவிலே வளர்ந்த பிள்ளைகளோடு படுத்தெழும்ப நேர்ந்த தம்பதியரின் அவலத்தைக் கூறும் அக்கதையை வீட்டுப் பிரச்சினைக் கதை என்று வகைப்படுத்திவிடுகின்றோம். லயக் காம்பரா வேறு, சம்பளம் வேறு என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் காம்பரா சம்பளத்தின் ஒரு பகுதி. நிர்வாகங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும்போதெல்லாம் வீடு, வைத்தியம், பிள்ளைக்காம்பரா ஆகியவற்றைக் கணக்கிற் காட்டி, தொழிலாளிக்குக் கையிற் கொடுபடுவதிலும் கூடுதலாகவே கிடைக்கின்றது என வாதிட்டு வந்துள்ளன. ஜோசப்பின் கதைமாந்தர் வெட்கிச் சாகும் அந்த நூறு சொச்சச் சதுர அடியும் அவ்வாதத்திலே ரூபாவாக மாறிவிடுகின்றது! அதுமட்டுமன்று. காம்பரா தோட்டத்துடையதாதலின், சம்பளம் போதாது என்று வேலையை விட்டு விலகுபவர் வீட்டையும் விடவேண்டிய நிலை. கூலி குறைவு என்றால் வேறு தொழில் தேடலாமே என்று நகரத்து நண்பர் கேட்கும் கேள்விக்கு விடை அங்கேதான் உள்ளது.

ஈண்டு, மலையகப் புனைகதை மீது எனக்குள்ள குறையொன்றையும் மறையாது கூறவேண்டும். கொழுந்து மலையையும் நிறுவைக் கொட்டகையையும் நுணுக்கமாகக் காட்டிய எழுத்தாளர், சம்பளம் வீட்டு வாசலைத் தாண்டியபின் என்ன நடக்கின்றது என்பதைப் பெரும்பாலும் ஒரே காட்சியில் முடித்துவிடுகின்றனர். சம்பள நாள், சாராயக் கடை, அடி, அழுகை. இக்காட்சி பொய்யன்று. ஆனால் இதற்கு முன்னே ஒரு காட்சி உண்டு. அது எழுதப்படவேயில்லை என்று சொல்லத்தக்க அளவுக்குக் குறைவு. மனைவியின் சம்பளத்தை யார் வாங்குவது என்பதே அக்காட்சி.

1984 ஏப்ரிலிலே தோட்டத் தொழிற்சங்கங்கள் பலவும் ஒன்றுசேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தின் பயனாக ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் என்ற நிலை உண்டாயிற்று. 1927 இன் மூன்று எண்களிலே முதலிரண்டும் ஒன்றாவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. இதனை மலையகப் பெண்களின் வெற்றியாகப் பலர் விதந்துரைத்துள்ளனர். வெற்றியே, ஐயமில்லை. அந்த ஆண்டில் நான் சிறுவன். லயத்திலே அன்றிருந்த பேச்சு எனக்குச் சற்று நினைவிருக்கின்றது. சம்பள நாளன்று ஆபீசு வாசலிலே ஆண்கள்தான் வரிசையில் நின்றனர். பெண்கள் அந்நேரம் மலையிலே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தனர். தந்தை தமது சம்பளத்தையும் தாயின் சம்பளத்தையும் ஒன்றாகவே வாங்கி வந்தார். யாரும் அதனை விந்தையாகக் கருதவில்லை. “ஒனக்கும் அவருக்கும் இப்ப ஒரே சம்பளமாமே?” என்று பக்கத்துக் காம்பராக்காரி கேட்டபோது அம்மா, “ஆமா, பேரு என்னோடதுதான்” என்றார். அவர் நகைச்சுவைக்காகச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. பெருந்தோட்டப் பெண்கள் பற்றிய ஆய்வுகள் பலவும் இவ்வழக்கத்தைக் குறிப்பிட்டுள்ளன. சட்டம் ஒருவருக்குக் கொடுக்கும் கூலியை வழக்கம் இன்னொருவர் கையிலே வைக்குமாயின், ‘குடும்ப வருமானம் உயர்ந்தது’ என்ற வாக்கியம் எதனை மறைக்கின்றது என்பதைப் புனைகதை எழுதுவோர்தான் காட்டியிருக்க வேண்டும். நமது எழுத்தாளர் பெரும்பாலும் ஆண்களாயிருந்தமை இதற்கொரு காரணம் என்று கூறின் அது மிகையாகாது. சாராயக் கடைக் காட்சியிலே ஆணின் வீழ்ச்சி தெரிகின்றது. சம்பள வரிசைக் காட்சியில் ஆணின் உரிமை தெரியும். முன்னதை எழுதுவது எளிது.

அண்மைக்காலத்துக்கு வருமிடத்து, இலக்கியமும் சம்பளமும் ஓர் எண்ணிலே சந்தித்தன. அந்த எண் ஆயிரம். 1992 இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னர், கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தங்களே நாட்சம்பளத்தை நிர்ணயித்தன. 2016 ஒப்பந்தத்தின்படி மொத்தம் 730 ரூபா. அதிலே அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. 60 ரூபா வரவுப்படி, 140 ரூபா உற்பத்தித்திறன் கொடுப்பனவு, 30 ரூபா விலைப்பங்கு. வரவுப்படி பெறுவதற்கு வேலைநாள்களில் நூற்றுக்கு 75 வரவு வேண்டும். உற்பத்தித்திறன் கொடுப்பனவுக்கு விதித்த கொழுந்து வேண்டும். இரண்டும் தவறினால் 730 என்பது 530. பத்திரிகைத் தலைப்பிலே 730, சம்பளச் சீட்டிலே வேறு. 2018 ஒக்தோபரிலே கொழும்பு காலிமுகத்திடலிற் கறுப்பு உடையணிந்து திரண்ட இளைஞர் கூட்டம், பெரும்பாலும் தோட்டத்திலே பிறந்து கொழும்பிலே கடைகளிலும் அலுவலகங்களிலும் தொழில் புரிவோர், ஆயிரம் ரூபா அடிப்படைச் சம்பளம் கேட்டனர். 2019 சனவரியில் வந்த ஒப்பந்தம் அடிப்படையை 700 ஆக்கியது. வரவுப்படியும் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் நீக்கப்பட்டன. மொத்தம் 750. அடிப்படைச் சம்பளத்திலே 200 ரூபா உயர்வு என்று ஒரு தரப்பும், மொத்தத்திலே 20 ரூபா உயர்வு என்று மறுதரப்பும் கூறின. இரண்டும் உண்மையே.

இக்காலத்திலே முகநூலிலும் சிற்றிதழ்களிலும் வந்த கவிதைகள் நூற்றுக்கணக்கிற் போகும். அவற்றுட் பலவற்றை வாசித்தேன். தேயிலைச் செடி, இரத்தம், அட்டை, ஆயிரம் என்ற நான்கும் இல்லாத கவிதை அரிது. உணர்ச்சி உண்மையானதே. ஆனால் ஆயிரம் கிடைத்துவிட்டால் என்ன நடக்கும் என்று அவற்றுள் எதுவும் சிந்திக்கவில்லை. 2021 மார்ச்சிலே சம்பளச் சபையினூடாக வர்த்தமானி மூலம் ஆயிரம் கிடைத்தது, 900 சம்பளமும் 100 வரவுசெலவுத்திட்டப் படியுமாக. கிடைத்த கையோடு பல தோட்டங்களிலே நாளொன்றுக்கு எடுக்கவேண்டிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டது. அளவு குறைந்தோர்க்கு அரைப்பேர் விழுந்தது. சில இடங்களில் வேலைநாள்கள் குறைக்கப்பட்டன. கூட்டு ஒப்பந்தம் கைவிடப்பட்டமையால், கொழுந்தின் அளவைப் பற்றிப் பேசித் தீர்க்க இருந்த மேசையும் இல்லாமற் போயிற்று. அதே ஆண்டிலே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரிலே அத்தடை நீங்கியபோதும், செடி மெலிந்து மலை காடேறிய நிலையிற் கூட்டிய அளவை எட்டுவது எவ்வாறு? 2022 இல் ரூபா வீழ்ந்தது. டொலருக்கு ஏறத்தாழ 200 ஆக இருந்தது 360 வரை சென்றது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்தெம்பரிற் பணவீக்கம் நூற்றுக்கு 70 ஐ அண்மியது. வெற்றிவிழா எடுத்த ஆயிரம், ரொட்டிமாவின் விலையோடு போட்டியிட முடியாத ஆயிரமாயிற்று. இவ்வளவும் நடந்தபின்னும் நமது கவிஞர் பலர் செய்தது ஆயிரத்தை எடுத்துவிட்டு ஆயிரத்தெழுநூறு என்று மாற்றியமையே.

ஆயிரத்தெழுநூறின் கதையும் இவ்வாறே. 2024 இல் 1,700 ரூபா என வர்த்தமானி வெளியாயிற்று. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. உயர் நீதிமன்றம் யூலையில் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் அவ்வாண்டு செப்தெம்பரிலே 1,350 ரூபா என்று முடிவாயிற்று. இந்த 1,350 ஐ வைத்துச் சிறு கணக்கொன்று செய்து பார்க்கலாம். இருபது முழுப்பேருக்கு 27,000 ரூபா. 2025 ஏப்ரில் தொடக்கம் நாட்டின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளமாக விதிக்கப்பட்டிருந்ததும் சரியாக 27,000 ரூபாவே. ஆகவே மாதத்திலே இருபது முழுப்பேர் விழாத தொழிலாளி, நாட்சம்பளம் சட்டப்படி சரியாக இருந்தும், மாதக் கணக்கிலே நாட்டின் அடிமட்டத்திற்கும் கீழே நின்றார். பதினைந்து பேர் விழுந்தால் 20,250. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 கழித்தால் 18,630. அதன்மேற் சங்கச் சந்தா, கோயிற் காசு, மரண உதவிச் சங்கம், தீபாவளி முற்பணம். கம்பனி சட்டத்தை மீறவில்லை. தொழிலாளியும் வேலைக்குச் சமுகமளிக்க மறுக்கவில்லை. வேலை கொடுபடவில்லை, அல்லது மழை பெய்தது, அல்லது கொழுந்து குறைந்தது, அவ்வளவே. நாட்சம்பளத்தின் உயரத்தையே பேசிக்கொண்டிருப்போர், எத்தனை நாள் என்ற பெருக்கியை மறந்துவிடுகின்றனர். மறவாதவர் லயத்திலே இருக்கின்றார். ‘இந்த மாசம் எத்தன பேரு?’ என்பதே அங்கே முதல் வினா. ‘எவ்வளவு சம்பளம்?’ என்பது அதற்குப் பின்னரே.

கம்பனிகளின் வாதத்தையும் நேர்மையாக நோக்குதல் விமர்சகன் கடன். தேயிலை ஏலவிலை தம் கையில் இல்லை, உற்பத்திச் செலவிற் பெரும்பங்கு தொழிலாளர் செலவே, சிற்றுடைமையாளர் காணிகளின் விளைவு தோட்டங்களினதைவிட மேலானது என்பவை அவ்வாதத்தின் கூறுகள். இவற்றை வெறும் பொய் என ஒதுக்குவதற்கில்லை. ஆயின், அதிலிருந்து அவர்கள் வந்தடையும் தீர்வு கவனிக்கத்தக்கது. நாட்சம்பளத்தை விட்டு, தொழிலாளிக்குத் தேயிலைக் காணியிற் சில ஆயிரம் செடிகளை ஒதுக்கிக் கொடுத்து, அவர் பராமரித்துப் பறிக்கும் கொழுந்தை விலைக்கு வாங்குவதே அத்தீர்வு. வருமானப் பகிர்வு என்றும் வெளியார் உற்பத்தி முறை என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. இதிலே சிலர் நாட்சம்பளத்தைவிடக் கூடுதலாக உழைக்கின்றனர் என்பது உண்மையே. ஆனால் இம்முறையிலே பேரும் இல்லை, அரைப்பேரும் இல்லை. சட்டம் விதிக்கும் குறைந்தபட்சமும் இல்லை, சேமலாப நிதியும் உறுதியில்லை. கிலோ உண்டு. கிலோவை யார் பறித்தார் என்று எவரும் கேட்பதில்லை. கணவனும் மனைவியும் பறிக்கலாம். பள்ளிக்கூடம் விட்டுவந்த பிள்ளையும் பறிக்கலாம். 1927 இலே எழுதப்பட்டுப் பின்னர் வெட்கத்தோடு அழிக்கப்பட்ட மூன்றாவது எண், எழுதப்படாமலே மீண்டும் வந்து அமர்வதற்கு இம்முறையில் இடமிருக்கின்றது. இது பற்றி ஒரு சிறுகதையாவது வந்துள்ளதா எனத் தேடிக்கொண்டிருக்கின்றேன். இன்னும் என் கண்ணிற் படவில்லை.

இதற்கிடையிலே தோட்டத்து மக்கள் எழுத்தாளருக்காகவும் சட்டத்துக்காகவும் காத்திருக்கவில்லை. 1992 இலே மூன்று இலட்சத்துக்கும் மேலாயிருந்த கம்பனித் தோட்டத் தொழிலாளர் தொகை இன்று அதன் அரைப்பங்கிலும் குறைவு. தாய்மார் மத்திய கிழக்குக்கும் பிள்ளைகள் கொழும்புக்கும் போகின்றனர். லயத்தில் இருந்துகொண்டே பக்கத்துச் சிற்றுடைமைத் தோட்டத்துக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் கூலிக்குச் செல்வோர் பலர். அங்கே அன்றன்றே காசு, கழிவில்லை, செக்ரோலில்லை. வயதானபின் கைகொடுக்கும் நிதியும் இல்லை. ஒரே குடும்பத்திலே பாட்டி தோட்டத்துப் பேருக்கும், தாய் வெளிநாட்டுக் காசுக்கும், மகன் கொழும்புக் கடைச் சம்பளத்துக்கும், மருமகள் மரக்கறித் தோட்டத்து அன்றாடக் கூலிக்கும் உழைக்கும் நிலை இன்று சர்வசாதாரணம். மலையகக் குடும்பம் என்ற பொருளை ஆராய்வோர் இந்த நான்கு கூலிகளையும் ஒரு கூரையின்கீழ் வைத்துப் பார்க்காவிடில், பழைய கூடைப் படத்தையே அட்டையிற் போட்டுக்கொண்டிருப்பர்.

சென்ற ஆண்டு மூன்றாம் வருட வகுப்பிலே ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையைப் படிப்பித்தபோது, பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி, கதையின் கலைநயம் பற்றிய என் விளக்கம் முடியுமுன்னரே கையுயர்த்தினாள். “சேர், அப்ப ஒரு பேருக்கு எத்தன இறாத்தல்?” என்று கேட்டாள். வகுப்பிலே சிலர் சிரித்தனர். அவள் எந்தப் பகுதியிலிருந்து வந்தவள் என்று எனக்குத் தெரியும். சிரித்தவர் எங்கிருந்து வந்தவர் என்பதும் தெரியும். விடை எனக்குச் சரியாகத் தெரியாதிருந்தது. அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றிரவு தொலைபேசியிற் கேட்டேன். தோட்டத்துக்குத் தோட்டம், மலைக்கு மலை, மாதத்துக்கு மாதம் வேறுபடும் என்று தொடங்கி, எந்தக் கணக்குப்பிள்ளையின் காலத்தில் எவ்வளவு, மழைக்கு எவ்வளவு கழிவு, எந்த மாதத்தில் எத்தனை அரைப்பேர் என்று அம்மா முக்கால் மணித்தியாலம் பேசினார். அடுத்த வகுப்பிலே முதற் பத்து நிமிடத்தை அதற்கென ஒதுக்கினேன்.